சைக்கிள் வீரரின் தன்வரலாற்றை நம்பிப் படிக்கலாமா?

பிரிட்டனில் விளையாட்டு நூல்களுக்கென்று ஆண்டுதோறும் வழங்கப்படும் வில்லியம் ஹில் விருது, சைக்கிள் பந்தய வீரர்கள் தம் வாழ்க்கையைத் தாமே சொன்ன மூன்று நூல்களுக்குக் கிடைத்திருக்கிறது. 1990-இல் அயர்லாந்தின் பால் கிம்மேஜ் எழுதிய ‘ரஃப் ரைடு’. 2000-இல் அமெரிக்கரான லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ‘இட்ஸ் நாட் அபவுட் தி பைக்’. 2012-இல் ஆம்ஸ்ட்ராங்கின் அணித்தோழராக இருந்த டைலர் ஹாமில்டனின் ‘தி சீக்ரெட் ரேஸ்’. மூன்றாவது நூல் இரண்டாவது நூலைப் பொய்யாக்குகிறது. முதல் நூலோ, மற்ற இரண்டும் அச்சேறுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, அந்த விளையாட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிட்டது. அதற்கு விருது கொடுத்தார்கள். அது சொன்னதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சைக்கிள் வீரர்களின் தன்வரலாறுகளைப் படிப்பது வீண் வேலையா என்று யாராவது கேட்டால் எனக்கு இந்த மூன்று நூல்களும்தான் நினைவுக்கு வருகின்றன. வீண் வேலை இல்லை என்பதே என் பதில். ஆனால் எவருடையதைப் படிக்கிறோம், எந்த வரிசையில் படிக்கிறோம் என்பதைப் பொறுத்து அந்தப் பதில் முழுவதுமாக மாறிவிடும். வென்றவர் எழுதியதை மட்டும் படித்து நிறுத்திக்கொண்டவர், ஒன்றும் படிக்காதவரைவிடக் குறைவாகவே இந்த விளையாட்டை அறிந்தவராக இருப்பார். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

கிரிக்கெட்டையோ கால்பந்தையோ மைதானத்தில் உட்கார்ந்து முழுவதும் பார்க்க முடியும். டூர் டி பிரான்ஸ் போன்ற பந்தயத்தை அப்படிப் பார்க்கவே முடியாது. மூன்று வாரங்கள், நாளுக்கொன்றாக இருபதுக்கும் மேற்பட்ட கட்டங்கள், மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம். சாலையோரத்தில் மணிக்கணக்கில் காத்திருப்பவருக்குக் கிடைப்பது சில நொடிக் காட்சி. தொலைக்காட்சி காட்டுவது முன்னால் செல்பவர்களை. கூட்டத்தின் நடுவில் காற்றை மறைத்துக்கொடுத்துத் தன் அணித்தலைவரின் உழைப்பை மிச்சப்படுத்துகிறவர், பின்தங்கி வந்து அணியின் காரிலிருந்து தண்ணீர்ப் புட்டிகளைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு மறுபடி முன்னேறுகிறவர், தலைவரின் டயர் வெடித்தால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு சாலையோரம் நிற்கிறவர், இவர்களையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. இரவில் விடுதி அறைக்குள் நடப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே இந்த விளையாட்டை அறிய வீரர்களே வாய் திறந்தால்தான் உண்டு. அவர்களுடைய நூல்கள் முக்கியமாவதும், பொய் சொல்ல அவர்களுக்கு இவ்வளவு இடம் கிடைப்பதும் ஒரே காரணத்தால்தான்.

ஆம்ஸ்ட்ராங்கின் நூலை எடுத்துக்கொள்வோம். 1996 அக்டோபரில், இருபத்தைந்து வயதில், அவருக்கு விதைப்பைப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அது நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்தது. இண்டியானாபோலிஸ் நகரத்து மருத்துவமனையில் அறுவை சிகிச்சையும் வேதிச் சிகிச்சையும் பெற்றுப் பிழைத்தார். 1999-இல் டூர் டி பிரான்ஸை வென்றார். அடுத்த ஆண்டு, பத்திரிகையாளர் சாலி ஜென்கின்ஸுடன் சேர்ந்து எழுதிய இந்த நூல் வெளிவந்தது. அவர் தொடர்ந்து 2005 வரை ஏழு முறை வென்றார். 2012-இல் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் விரிவான அறிக்கைக்குப் பிறகு அந்த ஏழு பட்டங்களும் பறிக்கப்பட்டன. 2013 ஜனவரியில் தொலைக்காட்சியில் ஓப்ரா வின்ஃப்ரேயிடம், ஏழு வெற்றிகளிலும் ஊக்கமருந்து எடுத்திருந்ததாக அவரே ஒப்புக்கொண்டார்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த நூலின் மருத்துவமனைப் பகுதி என்னளவில் தன் வலுவை இழக்கவில்லை. அதில் ஒரு விவரம் என் மனத்தில் தங்கியிருக்கிறது. அந்தப் புற்றுநோய்க்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் மருந்துக் கலவையில் ப்ளியோமைசின் என்றொரு மருந்து உண்டு. அது நுரையீரலை நிரந்தரமாகப் பாதிக்கக்கூடியது. சாதாரண மனிதர் அதைப் பெரிதாக உணராமல் போகலாம். ஆனால் மலையேற்றத்தில் மூச்சை நம்பிப் பிழைக்கும் சைக்கிள் வீரருக்கு அதோடு தொழில் முடிந்தது. ஆகவே மருத்துவர்கள், கூடுதல் வேதனை தரக்கூடியதானாலும் நுரையீரலை விட்டுவைக்கும் வேறொரு கலவையைத் தேர்ந்தெடுத்தார்கள். உயிர் பிழைப்போமா என்பதே தெரியாத நிலையில், திரும்பிப் போய்ச் செய்ய வேண்டிய வேலையை மனத்தில் வைத்து மருந்து தேர்ந்தெடுக்கப்படுகிறது. தொழில்முறை வீரரின் உடல் அவருக்கு என்னவாக இருக்கிறது என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொல்லும் இடத்தை நான் விளையாட்டு நூல்களில் அதிகம் கண்டதில்லை.

அந்தப் பக்கங்கள் பலருக்கு உண்மையிலேயே துணை நின்றிருக்கின்றன. நமக்கெல்லாம் தெரிந்த யுவராஜ் சிங், 2012-இல் அதே இண்டியானாபோலிஸில், ஆம்ஸ்ட்ராங்குக்குச் சிகிச்சை அளித்த குழுவில் இருந்த டாக்டர் லாரன்ஸ் ஐன்ஹார்னிடம் சிகிச்சை பெற்றார். அந்நாட்களில் ஆம்ஸ்ட்ராங்கின் நூலைத் தாம் மறுபடி கையில் எடுத்ததாக அவர் சொல்லியிருந்தார். எழுதியவர் பந்தயத்தில் ஏமாற்றினார் என்பதால் நோயாளி ஒருவர் பெற்ற தைரியம் போலியாகிவிடாது. இதை நான் ஆம்ஸ்ட்ராங்குக்குச் சார்பாகச் சொல்லவில்லை. புத்தகம் வாசகரிடம் செய்யும் வேலை எழுதியவரின் கட்டுக்குள் இருப்பதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் அதே மருத்துவமனையைப் பற்றி அந்த நூலில் இல்லாத ஒன்றும் இருக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒருநாள், நண்பர்கள் உடனிருந்தபோது, இதுவரை என்னென்ன ஊக்கமருந்துகள் எடுத்திருக்கிறீர்கள் என்று மருத்துவர்கள் கேட்டதாகவும், ஆம்ஸ்ட்ராங் வரிசையாகப் பெயர்களைச் சொன்னதாகவும், அங்கே இருந்த சக வீரர் ஃபிராங்கி ஆண்ட்ரூவும் அவருடைய மனைவி பெட்சியும் பின்னாளில் சத்தியப் பிரமாணத்தின் பேரில் சாட்சியம் அளித்தார்கள். ஆம்ஸ்ட்ராங் அதை மறுத்தார். பிற்காலத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட அந்தத் தொலைக்காட்சிப் பேட்டியிலும் இந்த ஒன்றைப் பற்றிப் பேச மறுத்துவிட்டார். அந்தச் சாட்சியத்தைப் படித்துவிட்டு நூலுக்குத் திரும்பினால், அதன் மருத்துவமனைப் பகுதி வேறு மாதிரியாகப் படிக்கக் கிடைக்கிறது. அதில் சொல்லப்பட்ட வலியில் பொய் இல்லை. அந்த வலிக்கு நடுவிலும் ஒன்றை மட்டும் மறைத்துவைக்கும் எச்சரிக்கை எப்படி வேலை செய்திருக்கிறது என்பது தெரியத் தொடங்குகிறது. தன்வரலாற்றில் நான் தேடுவது இந்த மாதிரி இடங்களைத்தான்.

கலிஃபோர்னியாவில் சில வாசகர்கள் 2013-இல் ஆம்ஸ்ட்ராங்கின் மீதும் பதிப்பாளர்கள் மீதும் வழக்குத் தொடுத்தார்கள். உண்மை வரலாறு என்று சொல்லி விற்ற நூல் பொய் என்று தெரிந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டோம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்பது அவர்களின் கோரிக்கை. நூலின் உள்ளடக்கம் வணிக விளம்பரம் ஆகாது, அது கருத்துச் சுதந்திரத்தின் பாதுகாப்புக்கு உட்பட்டது என்று சொல்லி நீதிமன்றம் அந்த ஆண்டே வழக்கைத் தள்ளுபடி செய்தது. அந்த வாசகர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் தீர்ப்பு சரியென்றே நினைக்கிறேன். தன்வரலாறு நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்படும் பிரமாணப் பத்திரம் போன்றதல்ல. அதைக் குறுக்கு விசாரணை செய்யும் பொறுப்பு வாசகருடையது. அந்த விசாரணைக்கு மற்ற சாட்சிகள் வேண்டும். அதனால்தான் மற்ற இரண்டு நூல்களையும் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

பால் கிம்மேஜ் டப்ளின்காரர். அவருடைய தந்தையும் சைக்கிள் வீரர். 1985 உலக அமெச்சூர் சாம்பியன்ஷிப்பில் ஆறாவதாக வந்தவர், அடுத்த ஆண்டே பிரான்சின் ஆர்எம்ஓ அணியில் தொழில்முறை வீரரானார். 1986 டூரை முடித்தபோது அவருக்குக் கிடைத்த இடம் 131. நான்கு பருவங்கள் ஓட்டிவிட்டு 1989-இல் விலகினார். டூரில் முன்னிலையில் இருப்பவர் அணியும் மஞ்சள் சட்டை இல்லை, பெயர் சொல்லும் வெற்றி எதுவும் இல்லை. அதே காலத்தில் அவருடைய நாட்டுக்காரரான ஸ்டீபன் ரோச் 1987 என்ற ஒரே ஆண்டில் இத்தாலியச் சுற்றுப் பந்தயத்தையும் டூர் டி பிரான்ஸையும் உலகப் பட்டத்தையும் வென்றார். ஆஸ்திரியாவின் வில்லாக் நகரில் ரோச் உலகப் பட்டம் வென்றபோது, ஐந்தே பேர் கொண்ட அயர்லாந்து அணியில் கிம்மேஜும் ஒருவர்.

இந்த இடத்திலிருந்து எழுதப்பட்டதுதான் ‘ரஃப் ரைடு’. பத்தாண்டுகள் கனவு கண்டு அடைந்த வேலை எப்படிப்பட்டது என்பதை அது நாள்கூலிக் கணக்கைப் போலச் சொல்கிறது. ஒப்பந்தம் அடுத்த ஆண்டு புதுப்பிக்கப்படுமா என்ற கவலை. பருவத் தொடக்கத்திலேயே உடல் தளர்ந்தாலும் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தாக வேண்டிய கட்டாயம். மலைக் கட்டங்களில், முதலிடத்துக்காக அல்லாமல், நேர வரம்புக்குள் வந்து சேர்வதற்காகவே பின்னால் ஒன்றாகத் திரண்டு செல்லும் கூட்டத்தில் இடம் பிடிக்கும் பாடு. வென்றவர்களின் நூல்களில் இந்தப் பின்கூட்டம் ஒரு வரியில் கடந்துபோகும். பந்தயத்தில் ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் அங்கேதான் இருக்கிறார்கள் என்பதை எனக்குப் புரியவைத்தது கிம்மேஜ்தான்.

மருந்து அந்த நூலில் மெல்ல, படிப்படியாக நுழைகிறது. அவருக்கு அதில் விருப்பம் இல்லை. முதலில் ஊசியே வேண்டாம் என்கிறார். மூன்று வாரப் பந்தயத்தில் உடல் வற்றிப்போகும்போது வைட்டமின் ஊசி தவறில்லை என்கிறார்கள், ஏற்றுக்கொள்கிறார். வைட்டமின் ஊசி சட்டவிரோதமானது அல்ல. ஆனால் ஊசி என்பது அன்றாடக் காரியமாகிவிட்ட பிறகு, அதற்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி மட்டுமே மிஞ்சுகிறது. 1987 டூர் முடிந்தபின் பிரான்சின் சிற்றூர்களில் நடக்கும் கண்காட்சிப் பந்தயங்களில், சோதனை எதுவும் இல்லாத இடங்களில், தாம் ஆம்ஃபெட்டமின் என்ற கிளர்ச்சியூட்டும் மருந்தை எடுத்ததை அவர் ஒளிக்காமல் எழுதுகிறார். அடுத்தவரைக் காட்டிக்கொடுப்பது அவருடைய நோக்கமாகத் தெரியவில்லை. பெரிய பெயர்களை வரிசைப்படுத்தவும் இல்லை. தன்னைப் போன்ற ஒருவன், மறுக்க விரும்பிய ஒருவன், எப்படி இணங்கினான் என்பதே அவருடைய பொருள். ஒழுங்கான மனிதன் கெட்டுப்போவதற்குப் பெரிய சதி எதுவும் தேவையில்லை, களைப்பும் வழக்கமும் போதும் என்பதை அந்தப் பக்கங்கள் காட்டுகின்றன. இந்த நூலை நான் மிக உயர்வாக மதிப்பதற்குக் காரணம் இதுதான்.

அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. பழைய தோழர்கள் பலர் முகம் திருப்பிக்கொண்டார்கள். வெல்லத் தெரியாதவனின் பொறாமை என்றார்கள். அவர் பத்திரிகையாளராகி அதே கேள்விகளைத் தொடர்ந்து கேட்டார். ஆம்ஸ்ட்ராங் மறுபடி பந்தயத்துக்குத் திரும்பிய 2009-இல், கலிஃபோர்னியாவில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில் நேருக்கு நேர் எழுந்து கேட்டு, எல்லோர் முன்னிலையிலும் ஆம்ஸ்ட்ராங்கிடம் ஏச்சு வாங்கினார். 2012-இல் சர்வதேச சைக்கிள் சங்கத்தின் அன்றைய தலைவரும் முன்னாள் தலைவரும் அவர் மீது அவதூறு வழக்குப் போட்டார்கள். அவருடைய வழக்குச் செலவுக்காக உலகெங்கும் இருந்த ரசிகர்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். ஆம்ஸ்ட்ராங் விவகாரம் வெடித்தபின் அந்த வழக்கு நிறுத்திவைக்கப்பட்டது.

ஹாமில்டனின் நூல் வேறு வகை. கிம்மேஜின் காலத்து ஆம்ஃபெட்டமின்கள் இங்கே பழங்கதை. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்பணுக்களைப் பெருக்கும் இபிஓ என்ற மருந்து வந்துவிட்டது. இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று சர்வதேசச் சங்கம் 1997-இல் வரம்பு வைக்க, அந்த வரம்பை ஒட்டி நிற்பதே கலையாகிவிட்டது. 1999 டூரில், ஆம்ஸ்ட்ராங்கிடம் தோட்ட வேலை பார்த்துவந்த ஒருவர் மோட்டார் சைக்கிளில் பந்தயத்தைப் பின்தொடர்ந்து வந்து மருந்தைக் கொண்டுசேர்த்த கதை இந்த நூலில்தான் விரிவாக இருக்கிறது. இபிஓவைக் கண்டுபிடிக்கும் சோதனை வரப்போகிறது என்று தெரிந்ததும், சொந்த இரத்தத்தை முன்கூட்டியே எடுத்துக் குளிரூட்டியில் வைத்து, பந்தயத்தின் நடுவே மறுபடி ஏற்றிக்கொள்ளும் முறைக்கு மாறுகிறார்கள். 2000-ஆம் ஆண்டு டூரில் விடுதி அறையில் படுத்திருக்க, சுவரில் தொங்கும் பையிலிருந்து குளிர்ந்த இரத்தம் கை வழியாக உடலுக்குள் இறங்கும்போது உண்டாகும் சில்லிப்பை அவர் விவரிக்கிறார். 2004-இல் கெட்டுப்போன இரத்தப் பை ஒன்றை ஏற்றிக்கொண்டு, காய்ச்சலில் நடுங்கி, கறுத்த சிறுநீர் கழித்ததையும் சொல்கிறார். எந்த விசாரணை அறிக்கையும் தர முடியாத நெருக்கம் இது.

அதே மனிதர் 2003 டூரின் முதல் கட்டத்திலேயே விழுந்து காறை எலும்பில் விரிசல் கண்டவர். அந்த எலும்போடு மூன்று வாரங்களும் ஓட்டி, பயோன் நகரில் முடிந்த ஒரு கட்டத்தைத் தனியாகப் பிரிந்து சென்று வென்று, நான்காவது இடத்தில் முடித்தார். அதற்கு முந்தைய ஆண்டு இத்தாலியச் சுற்றில் தோள்பட்டை வலியைத் தாங்கப் பல்லைக் கடித்துக் கடித்தே பதினொரு பற்களைப் பழுதாக்கிக்கொண்டார். இரத்தம் ஏற்றிக்கொண்டவரும் இவர்தான், இந்த வலியைப் பொறுத்தவரும் இவர்தான். ஒன்றைச் சொல்லி மற்றொன்றைத் தள்ளிவிட முடியாது. நூலின் பெரும்பலம் இந்த இரண்டையும் ஒரே தொனியில் சொல்லியிருப்பது.

இந்த நூலை நம்பலாம் என்று நான் கருதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. உடன் எழுதிய டேனியல் கோயில் முன்பு ஆம்ஸ்ட்ராங்கைப் பற்றித் தனி நூல் எழுதியவர். அவர் ஹாமில்டனின் வாய்மொழியை அப்படியே எழுதித் தள்ளிவிடவில்லை. அதே பந்தயங்களில் இருந்த மற்றவர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்னதை அடிக்குறிப்புகளாகச் சேர்த்திருக்கிறார். வீரரின் தன்வரலாற்றில் அடிக்குறிப்பு இருப்பதே அபூர்வம். அட்டையில் வீரரின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் இரண்டாவது பெயர் வெறும் மொழித்திருத்தக்காரருடையதா, கேள்வி கேட்டவருடையதா என்று பார்த்துவிட்டு நூலை எடுப்பது நல்லது. கிம்மேஜ் தம் நூலைத் தாமே எழுதினார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

இனி, எனக்கு உறுத்தலாகவே இருக்கும் ஒரு கேள்வி. ஏமாற்றியவர் ஏமாற்றிய கதையை விற்றுப் பணம் பார்ப்பதற்கு வாசகர் துணைபோகலாமா? இதை மிகக் கூர்மையாகக் கேட்டவர் வேல்ஸ் நாட்டு வீராங்கனை நிக்கோல் குக். 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில், சீனப் பெருஞ்சுவரை ஒட்டிய மலைச்சாலையில், கொட்டும் மழையில் தங்கம் வென்று, அதே ஆண்டு இத்தாலியின் வரேஸேயில் உலகப் பட்டத்தையும் வென்றவர். ஒரே ஆண்டில் சாலைப் பந்தயத்தின் இந்த இரண்டையும் அவருக்கு முன் யாரும் வென்றதில்லை. 2013 ஜனவரியில், ஆம்ஸ்ட்ராங்கின் பேட்டி ஒளிபரப்பாவதற்குச் சில நாட்கள் முன்பு, அவர் ஓய்வை அறிவித்தார். அந்த அறிக்கையில், தாம் நேர்மையாக உழைத்த ஆண்டுகள் அனைத்திலும் ஈட்டியதைவிட ஹாமில்டன் ஏமாற்றியதைப் பற்றி எழுதிய நூலால் அதிகம் ஈட்டுவார் என்றும், அப்படிப்பட்டவர்களுக்குப் பணம் கொடுத்துப் பரிசளிக்காதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டார்.

குக்கின் வாதத்துக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. ஹாமில்டன் எழுதியிருக்காவிட்டால் விடுதி அறைக்குள் நடந்தது இவ்வளவு தெளிவாக நமக்குத் தெரிந்திருக்காது என்பதும் உண்மை. அந்தத் தெளிவுக்கான கூலி தவறான கைக்குப் போகிறது என்பதும் உண்மை. நேர்மையாக ஓட்டி, மருந்துக்காரர்களிடம் தோற்று, பெயர் தெரியாமலே வீடு திரும்பிய வீரர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் விற்பதற்குக் கதை இல்லை. பதிப்பாளர் யாரும் அவர்களைத் தேடிப் போவதும் இல்லை. மருந்து எடுத்தவரின் ஒப்புதல் வாக்குமூலத்துக்கு இருக்கும் சந்தை, எடுக்காதவரின் நான்கு பருவ உழைப்புக்கு இல்லை. இது இந்த நூல்வகையின் பெருங்குறை என்றே நான் நினைக்கிறேன்.

குக்கே 2014-இல் ‘தி பிரேக்அவே’ என்ற தன்வரலாற்றை எழுதினார். அது நயமாகப் பேசும் நூல் அல்ல. தொழில்முறைக்கு வந்த புதிதில் மருந்து எடுக்கச் சொல்லி வற்புறுத்தப்பட்டு மறுத்தது, சம்பளம் தராத அணிகளோடு வழக்காட வேண்டியிருந்தது, தேசிய அமைப்பு ஆண்களுக்குச் செய்துகொடுத்ததைப் பெண்களுக்குச் செய்யாதது என்று ஒவ்வொன்றாக எடுத்துவைத்து வாதாடுகிறது. சில அத்தியாயங்களில் புகார்ப் பட்டியல் நீண்டுபோவது உண்மைதான். ஆனால் பெய்ஜிங்கின் கடைசித் திருப்பத்தைப் பற்றி எழுதும்போது அந்தக் கசப்பு முழுவதும் விலகிவிடுகிறது. மழையில் வழுக்காமல் இருக்க வேகத்தைக் குறைத்துத் திரும்பியதால் முன்னால் சென்ற நால்வரிடமிருந்து பின்தங்கி, பிறகு மேட்டில் ஒவ்வொருவரையாகப் பிடித்துக் கோட்டைத் தாண்டிய அந்தச் சில நூறு மீட்டர்களை, பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களும் அவருடைய எழுத்தில் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஆகவே என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. கிம்மேஜை முதலில் படியுங்கள். அடுத்து ஹாமில்டன், அதை நூலகத்திலோ நண்பர்களிடமோ இரவல் வாங்கிப் படித்தால் போதும். அதற்குப் பிறகு ஆம்ஸ்ட்ராங்கைப் படிக்கலாம், மருத்துவமனைப் பக்கங்களில் நிதானமாக நின்று, பந்தயப் பக்கங்களைச் சந்தேகத்தோடு கடந்து. கைக்காசு கொடுத்துப் புதிதாக வாங்குவதென்றால் குக்கின் நூலை வாங்குங்கள்.